ஐஸ் ஹாக்கி வர்ணனை ஏன் மூச்சு விடாமல் ஓடுகிறது?

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் ஒரு நிமிட வீடியோ யாராவது அனுப்பி ஃபோனில் வந்து விழுந்தால், பார்க்கிற பலருக்கும் முதலில் வரும் சந்தேகம் ஆட்டத்தைப் பற்றி இருக்காது, பின்னணிக் குரலைப் பற்றித்தான் இருக்கும். இந்த மனிதர் ஏன் வரிசையாக ஆட்களின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே போகிறார், அதுவும் யாரோ துரத்துகிற மாதிரி? கிரிக்கெட் வர்ணனையில் ஊறிய காதுக்கு இது சந்தை இரைச்சல் போலத்தான் இருக்கும். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே அரை நிமிடம் கிடைக்கிறது. பழைய மேட்ச் கதை சொல்லலாம், வானிலை பேசலாம், சும்மாவும் இருக்கலாம். ஹாக்கியில் அந்த இடைவெளியே கிடையாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வட அமெரிக்க ரசிகர்கள் வர்ணனையாளர்களைப் பற்றி ஆட்டக்காரர்களைப் பற்றிச் சண்டை போடுவது போலவே சண்டை போடுகிறார்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்து வர்ணனை செய்தால் கொந்தளிக்கிறார்கள். டிவியில்தான் எல்லாம் தெரிகிறதே, அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?

இரண்டு கேள்விக்கும் பதில் ஆட்டத்தின் விதிகள் மாறிய வரலாற்றில் இருக்கிறது. அடிப்படையிலிருந்தே போகலாம்.

(ஒரு சிறு எச்சரிக்கை: இந்தியாவில் ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கி, பனிக்கட்டி ஹாக்கிக்குத்தான் 'ஐஸ்' என்று முன்னால் போடுவோம். கனடாவில் நேர்மாறு. இந்தக் கட்டுரையில் ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி.)

## வர்ணனையாளர் எதைப் பார்த்துச் சொல்கிறார்?

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீகை எடுத்துக்கொள்வோம். களம் 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட பனித்தளம். பந்துக்குப் பதில் 'பக்' என்கிற ரப்பர் வட்டு: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், எடை சுமார் 160 கிராம். துள்ளாமல் வழுக்கிப் போவதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். பக்கத்துக்கு ஐந்து ஸ்கேட்டர்கள், ஒரு கோல்கீப்பர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள்.

இதில் வர்ணனையாளரின் உயிரை வாங்குகிற விஷயங்கள் மூன்று:

1. ஆள் மாற்றம். ஒருவர் ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட 45 வினாடிதான் ஆடுவார். அப்புறம் பெஞ்சுக்குப் போய்விடுவார், இன்னொருவர் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிப்பார். இதற்காக ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். ஒரு அணிக்கு 20 பேர், ஆக 40 பெயர்களும் 40 எண்களும் வர்ணனையாளரின் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

2. வேகம். 2012-இல் ஸ்டேனோ சாரா என்ற ஆட்டக்காரர் யார் வேகமாக அடிப்பது என்ற போட்டியில் அடித்த அடி மணிக்கு 175 கிலோமீட்டரைத் தொட்டது. வழக்கமான அடிகள் அவ்வளவு இல்லை, ஆனாலும் நீலக்கோட்டிலிருந்து (எதிரணியின் கோல் பகுதி தொடங்கும் கோடு) புறப்பட்ட பக் கோலை அடைவதற்குள் 'அடிக்கிறார்' என்ற ஒரு சொல்லைக்கூட முடிக்க முடியாது.

3. யாரிடம் பக் இருக்கிறது என்பதே செய்தி. கால்பந்தில் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்க்கலாம். ஹாக்கியில் பக் ஒருவரிடம் ஓரிரு வினாடி தங்கினாலே அதிகம். அதனால் ஒரு பெயரைச் சொல்வதே ஒரு முழு வாக்கியம் சொன்ன மாதிரி: இப்போது பக் இவரிடம்.

பெயர்ப் பட்டியல் மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம். பழகிய காது அந்தப் பெயர்களை வைத்தே களத்தின் படத்தை வரைந்துகொள்கிறது. தற்காப்பு ஆட்டக்காரர் பெயர், அப்புறம் நடுவில் ஆடுபவர், அப்புறம் ஓர ஆட்டக்காரர் என்று வந்தால் பக் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குரலின் சுருதியும் கூடவே ஏறும்.

இந்த வேலையைச் செய்கிறவர் 'பிளே-பை-பிளே' வர்ணனையாளர், அதாவது நடப்பதை நடக்க நடக்கச் சொல்பவர். பக்கத்தில் பொதுவாக முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் இருப்பார். விசில் ஊதி ஆட்டம் நின்றதும் 'ஏன் அப்படி நடந்தது' என்று விளக்குவது அவர் பாடு.

## ரேடியோவும் முன்னோக்கிய பாஸும்

நாம் இன்று கேட்கும் ஹாக்கி, ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1875 மார்ச் 3-ஆம் தேதி மான்ட்ரியாலின் விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க்கில் ஜேம்ஸ் கிரைட்டன் ஏற்பாடு செய்த ஆட்டத்தைத்தான் உள்ளரங்கில் முறையாக நடந்த முதல் ஹாக்கி ஆட்டம் என்பார்கள். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து எகிறிப் பார்வையாளர்களையும் ஜன்னல்களையும் பதம் பார்த்துவிடுமே என்று தட்டையான மரவட்டைப் பயன்படுத்தினார்கள். பக்கின் முன்னோர் அதுதான்.

முக்கியமான விதி வேறு: பக்கை முன்னால் இருப்பவருக்குத் தள்ளக் கூடாது. ரக்பியைப் போல, பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ் செய்யலாம். முன்னேற வேண்டுமென்றால் பக்கை வைத்திருப்பவரே சறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

1917 நவம்பரில் மான்ட்ரியாலில் ஒரு ஹோட்டலில் கூடி என்ஹெச்எல் லீகைத் தொடங்கியபோதும் நிலைமை இதுவே. அடுத்த ஆண்டு களத்தின் நடுப்பகுதியில் மட்டும் முன்னோக்கிய பாஸ் செல்லும் என்றார்கள், 1927-இல் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் எதிரணியின் கோல் பகுதிக்குள் கட்டுப்பாடு நீடித்தது. விளைவைப் பாருங்கள். 1928-29 சீசனில் மான்ட்ரியால் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22-இல் எதிரணிக்கு ஒரு கோல்கூட விடவில்லை. அந்த லீகில் இரண்டு அணியும் சேர்ந்தே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று கோல் வரவில்லை. இதற்கு என்ன வர்ணனை சொல்வது?

1929-இல் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், களத்தின் எந்தப் பகுதிக்குள்ளும் முன்னோக்கிப் பாஸ் செய்யலாம். உடனே சில அணிகள் எதிரி கோல் வாசலிலேயே ஓர் ஆளை நிறுத்திவைக்க, கோல் மழையாகக் கொட்டியது. பதறிப்போய் அதே டிசம்பரில் இன்னொரு விதி போட்டார்கள்: பக் எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டும் முன் தாக்கும் அணியின் ஆள் தாண்டக் கூடாது. இன்றைய 'ஆஃப்சைடு' அதுதான். அப்படி இருந்தும் அந்த சீசனில் கோல்கள் முந்தையதைப் போல கிட்டத்தட்ட இருமடங்கு ஆயின.

இப்போது இன்னொரு தேதி வரிசையை இதன் பக்கத்தில் வையுங்கள். 1923 பிப்ரவரி 8-இல் டொரன்டோவில் நார்மன் ஆல்பர்ட் என்பவர் ஓர் ஆட்டத்தின் மூன்றாம் பகுதியை மட்டும் ரேடியோவில் சொன்னார். சில நாட்களில் அதே நிலையத்துக்காக ஃபாஸ்டர் ஹியூயிட் என்ற இருபது வயது இளைஞர் தொலைபேசிக் கருவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மார்ச் 14-இல் ரெஜைனாவில் பீட் பார்க்கர் ஒரு தொழில்முறை ஆட்டத்தை முழுவதுமாகச் சொன்னார். ஆக முதல் ஆள் ஹியூயிட் இல்லை. ஆனால் பெயர் நின்றது ஹியூயிட்டுக்குத்தான், அதற்குக் காரணம் 1931.

பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே டொரன்டோ அணியை நடத்திய கான் ஸ்மைத் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற அரங்கை ஆறு மாதத்துக்குள் கட்டி முடித்தார். 1931 நவம்பர் 12-இல் திறப்பு விழா. ரேடியோவில் ஓசியில் கேட்டால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள் என்ற கவலை அன்றைய முதலாளிகள் பலருக்கு இருந்தது. ஸ்மைத் எதிராக யோசித்தார்: கேட்கிறவன்தான் ஒருநாள் நேரில் பார்க்க வருவான். அதனால் ஹியூயிட்டுக்கென்று கூரைக்கடியில் தனிக்கூண்டே தொங்கவிட்டார். எவ்வளவு உயரத்தில் என்று முடிவு செய்ய, நகரத்துக் கட்டடம் ஒன்றில் மாடி மாடியாக ஏறி, கீழே தெருவில் நடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து ஐந்தாம் மாடிதான் சரி என்று ஹியூயிட் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். பனித்தளத்திலிருந்து 56 அடி. 'காண்டோலா' என்று அதற்குப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1933 வாக்கில் ஹியூயிட்டின் குரல் கனடா முழுக்கச் சனிக்கிழமை இரவுகளில் ஒலித்தது. "வணக்கம் கனடா, அமெரிக்காவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் உள்ள ஹாக்கி ரசிகர்களே" என்று தொடங்குவார் (நியூஃபவுண்ட்லாந்து அப்போது கனடாவில் இல்லை). அவரை அடையாளம் காட்டும் வரி "ஹி ஷூட்ஸ், ஹி ஸ்கோர்ஸ்". அடிக்கிறார், கோல் போடுகிறார். பெயர் இல்லை, விவரம் இல்லை, இரண்டு வினை மட்டும். மின்னல் வேகத்தில் நடப்பதைச் சொல்ல அதற்கு மேல் நேரம் இல்லை.

அந்த வரியின் பெருமையை ஹியூயிட்டின் குரலுக்கு மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். பாதி பெருமை 1929 விதிக்குச் சேர வேண்டும் என்பது என் எண்ணம். கோலே விழாத பழைய ஹாக்கியை நாடு முழுக்க ஒலிபரப்பியிருந்தால் ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். ஆட்டம் வேகம் எடுத்ததும் ரேடியோ வீடுகளுக்குள் வந்ததும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் நடந்தவை.

## டிவி வந்த பிறகும் பேச்சு குறையவில்லை

1952 அக்டோபரில் மான்ட்ரியாலிலிருந்து பிரெஞ்சிலும், நவம்பர் 1-இல் டொரன்டோவிலிருந்து ஆங்கிலத்திலும் டிவி ஒளிபரப்பு தொடங்கியது. பழைய டிக்கெட் பயம் இங்கேயும் எட்டிப் பார்த்தது, பல ஆண்டுகள் ஆட்டம் கொஞ்சம் ஓடிய பிறகுதான் ஒளிபரப்பில் சேர்வார்கள்.

படம் தெரிகிறதே, இனி வர்ணனை எதற்கு? கால்பந்திலும் டென்னிஸிலும் டிவி வந்ததும் பேச்சு குறைந்தது. ஹாக்கியில் குறையவில்லை. காரணம் எளிது: பக் கண்ணுக்குத் தெரியாது. மூன்று அங்குல வட்டு, பழைய கறுப்பு-வெள்ளைப் பெட்டியில், கால்களுக்கும் மட்டைகளுக்கும் நடுவே. காது சொல்லித்தான் கண் தேடும்.

இதைத் தொழில்நுட்பத்தால் தீர்க்கப் பார்த்தார்கள். 1996 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனல் பக்குக்குள் மின்னணுச் சில்லுகளைப் புதைத்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளிவட்டம் காட்டியது, வேகமாக அடித்தால் சிவப்பு வால் நீளும். ஹாக்கி தெரிந்தவர்கள் வாயாரத் திட்டினார்கள். ஒளிவட்டம் போய்விட்டது, வர்ணனையாளர் இருக்கிறார்.

ஆளை அடையாளம் காண்பதும் காலப்போக்கில் கடினமாகிக்கொண்டே போனது. ஹெல்மெட் இல்லாத காலத்தில் தலைமுடியை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். 1979 முதல் புதிதாக வருபவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், பழைய ஆட்கள் விருப்பம் போல ஆடலாம். வெறுந்தலையோடு ஆடிய கடைசி மனிதர் 1997-இல் ஓய்வு பெற்றார். சட்டை முதுகில் பெயர் போடுவது 1977-இல்தான் கட்டாயமானது. ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகம் விற்காமல் போய்விடும் என்று டொரன்டோ முதலாளி ஹரால்ட் பலார்ட் முரண்டு பிடித்து, கடைசியில் நீலச் சட்டையில் நீல எழுத்தில் பெயர் போட்டு லீகை வெறுப்பேற்றினார்! அதற்கெல்லாம் முன்பிருந்தே வர்ணனையாளர்கள் முகத்தை விட்டு, ஆள் சறுக்குகிற தினுசை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். முழங்காலை எவ்வளவு மடக்குகிறார், மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கிறார், இந்த மாதிரி.

குரலும் பயிற்சிதான். 1956-இல் பாப் கோல் என்ற நியூஃபவுண்ட்லாந்து இளைஞர் தன் ஒலிநாடாவோடு ஹியூயிட்டின் அலுவலகத்துக்கே போனார். குரலைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், எடுத்ததுமே உச்சிக்குப் போனால் கோல் விழும்போது ஏற இடமிருக்காது என்ற பாடத்தை அங்கே கற்றார். 2019 வரை அவர் டிவியில் அதைச் செய்துகாட்டினார், 2024-இல் காலமானார். சொல்வளத்தில் இன்னொரு எல்லை அமெரிக்கர் மைக் எம்ரிக். 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் ஒரே ஆட்டத்தில் பக்கின் நகர்வைச் சொல்ல அவர் 153 வெவ்வேறு வினைச்சொற்களைப் பயன்படுத்தியதாக எண்ணிப் பார்த்தார்கள்.

## இரண்டு வரிகளைப் பிரித்துப் பார்ப்போம்

1972, மாஸ்கோ. கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய எட்டு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம், செப்டம்பர் 28. ஸ்கோர் 5-5, 34 வினாடி மிச்சம். ஓய்விலிருந்து திரும்பி வந்திருந்த ஹியூயிட்டுக்கு வயது 69. அவர் சொன்னது ஏறக்குறைய இப்படி: இதோ ஓர் அடி, ஹென்டர்சன் எட்டிப் பிடிக்கப் பார்த்து விழுகிறார், இதோ இன்னொரு அடி, நேர் எதிரே, கோல் போட்டுவிட்டார்கள்! ஹென்டர்சன் கனடாவுக்காகக் கோல் போட்டார்! வரிசையைக் கவனியுங்கள். முதலில் 'போட்டுவிட்டார்கள்' என்று பன்மை. யார் என்று உறுதியான பிறகுதான் பெயர். ஐம்பது வருடப் பழக்கம் அது: தெரிந்ததைச் சொல், தெரியாததை ஊகிக்காதே.

1980, லேக் பிளாசிட். பிப்ரவரி 22, அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சோவியத் அணியை 4-3 என்று வீழ்த்திய ஒலிம்பிக் ஆட்டம். சொன்னவர் ஆல் மைக்கேல்ஸ். அந்த ஒலிம்பிக்ஸுக்கு முன் அவர் வர்ணனை செய்திருந்த ஹாக்கி ஆட்டம் ஒன்றே ஒன்று, 1972 சப்போரோவில். கடைசி வினாடிகளிலும் அவர் பாஸைத்தான் சொல்கிறார்: மாரோ, அங்கிருந்து சில்க்குக்கு, ஐந்து வினாடி மிச்சம். அப்புறம்தான் "அற்புதங்களை நம்புகிறீர்களா? ஆம்!" பிறகு பேசவே இல்லை, கூட்டத்தின் சத்தத்துக்கு வழிவிட்டார். இன்னொன்று, இதைப் பலர் தங்கப்பதக்க ஆட்டம் என்று நினைக்கிறார்கள். இல்லை, இரண்டு நாள் கழித்து ஃபின்லாந்தை வென்ற பிறகுதான் தங்கம். பெரும்பாலான அமெரிக்கர்கள் அந்த வரியை நேரலையில் கேட்கவும் இல்லை, சில மணி நேரம் கழித்து ஒளிபரப்பான பதிவில்தான் கேட்டார்கள்.

## வேறு மொழிக்குப் போனால்?

பெயரும் வினையும் மட்டுமே வர்ணனை என்றால், மொழி மாறும்போது வினைகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

1. பிரெஞ்சு. கியூபெக்கில் ஹாக்கிச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமாகவே கிடந்தன. முதல் டிவி வர்ணனையாளர் ரெனே லெகாவலியே சுத்தமான பிரெஞ்சுச் சொற்களைப் பிடிவாதமாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பக்குக்கு 'ரொன்டெல்'. பாடப்புத்தகம் செய்யாததைச் சனிக்கிழமை டிவி செய்தது.

2. பஞ்சாபி. 2008-இல் தொடங்கிய பஞ்சாபி ஒளிபரப்பின் முகம் ஹர்நாராயண் சிங். ஆரம்பத்தில் கால்கரியிலிருந்து டொரன்டோவுக்குச் சொந்தச் செலவில் விமானத்தில் போய் வந்திருக்கிறார். மட்டையை ஓங்கி அடிக்கும் 'ஸ்லாப் ஷாட்'டுக்கு, கன்னத்தில் அறைவதற்கான பஞ்சாபிச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 2016 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் நிக் போனினோ வெற்றி கோல் போட்டதும் "போனினோ போனினோ போனினோ" என்று அவர் கத்தியது உலகம் சுற்றியது. பிட்ஸ்பர்க் அணி கோப்பை வென்றதும் இந்தக் குழுவைத் தன் வெற்றி விழாவுக்கே அழைத்தது. அர்த்தம் புரிய மொழி தேவைப்படவில்லை, பெயர் மட்டும்தானே!

3. கிரீ. கனடாவின் பூர்வகுடி மொழி. 2019 மார்ச் 24-இல் முதன்முறையாக ஒரு என்ஹெச்எல் ஆட்டம் இதில் ஒளிபரப்பானது, வர்ணனை கிளாரன்ஸ் அயர்ன்.

தமிழில் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கலாம். நமக்கு வினை கடைசியில் வருவதால் முதலில் தடங்கல் மாதிரி தெரியும். ஆனால் 'மாரோவிடமிருந்து சில்க்குக்கு' என்று வேற்றுமை உருபே வேலையை முடித்துவிடுகிறது, வினையே வேண்டாம்.

## அப்படியானால் ஸ்டுடியோ வர்ணனை ஏன் வம்பு?

2020 கோடையில் கொரோனா காரணமாக எல்லா ஆட்டங்களும் டொரன்டோவிலும் எட்மன்டனிலும் ரசிகர்கள் இல்லாமல் நடந்தன. வர்ணனையாளர்கள் பலர் தொலைவிலிருந்து திரையைப் பார்த்துச் சொன்னார்கள். பயணச் செலவு மிச்சமாகிறது என்று கண்டுகொண்டதும் அந்தப் பழக்கத்தை விட எல்லோருக்கும் மனம் வரவில்லை. இதில் போவது என்ன?

1. கேமரா பக்கைத் துரத்துகிறது. பெஞ்சிலிருந்து யார் குதித்தார் என்பது படத்தில் வராது. 45 வினாடிக்கு ஒருமுறை ஆள் மாறும் ஆட்டத்தில் இது பெரிய ஓட்டை: பெயர் அரை வினாடி தாமதமாக வரும், சில சமயம் தப்பாகவே வரும்.

2. 2005-இல் நடுக்கோட்டைத் தாண்டி நீளப் பாஸ் போடுவதற்கு இருந்த தடையை நீக்கினார்கள். அப்போதிலிருந்து தூரத்தில் தனியாக நழுவும் ஆள்தான் ஆபத்து. கூண்டிலிருப்பவர் அவரை முன்பே பார்த்துக் குரலை ஏற்றத் தொடங்குவார். திரை பார்ப்பவருக்குப் பாஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

3. அரங்கின் சத்தம். கோல்கம்பியில் பட்டதா, கோல்கீப்பரின் பேடில் பட்டதா என்பதைப் பல நேரம் காதுதான் சொல்லும்.

அமெரிக்காவில் இதோடு இன்னொரு தலைவலியும் சேர்கிறது. சீசன் முழுக்கத் தங்கள் அணியின் உள்ளூர் வர்ணனையாளரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, பிளேஆஃப் முதல் சுற்று முடிந்ததும் டிவி உரிமை தேசிய சேனல்களுக்கு மட்டும் என்றாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு மே மாதமும் அங்கே சிலர் டிவியின் ஒலியை நிறுத்திவிட்டு, உள்ளூர் ரேடியோவை வைத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று சில வினாடி முன்பின்னாக வருவதைச் சரிசெய்யப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.